எல்லாரும் வரல்ல எண்டா ஒருத்தரும் வரல்லையா?

2025 ஜூன் 3 (அக்கரைப்பற்றில இருந்து ஒரு தங்கச்சி கேட்டது)

அண்ணா, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறன். நுண்ணறிவுப் பயிற்சித் தாள் ஒண்டில இப்பிடி ஒரு கேள்வி: "எல்லா மாணவர்களும் சித்தியடையவில்லை. அப்படியெனில் நிச்சயமாக உண்மையானது எது?" நான் "ஒரு மாணவரும் சித்தியடையவில்லை" எண்டதுக்குக் கீறினன். விடைத்தாள்ல "குறைந்தது ஒரு மாணவர் சித்தியடையவில்லை" எண்டு கிடக்கு. இது அநியாயம். தமிழ்ல எல்லாரும் சித்தியடையல்ல எண்டா ஒருத்தரும் சித்தியடையல்ல எண்டுதானே? நான் ஏஎல் வர்த்தகப் பிரிவு, அளவையியல் தெரியா. விளக்கமாச் சொல்லுங்க.

2025 ஜூன் 3, இரவு

விடைத்தாள் சரி. உங்கட விடைதான் பிழை.

எடுப்பு (உண்மை, பொய் எண்டு சொல்லக்கூடிய வசனம்) நாலு வகை. எல்லா மாணவரும் சித்தி எண்டா நிறைவிதி. ஒரு மாணவரும் சித்தியில்ல எண்டா நிறைமறை. சில மாணவர் சித்தி, குறைவிதி. சில மாணவர் சித்தியில்ல, குறைமறை. ஏ, ஈ, ஐ, ஓ எண்டு இங்கிலிஸ் எழுத்துப் போட்டுப் படிப்பிப்பாங்க. முரண் எண்டா ரெண்டுல ஒண்டு கட்டாயம் உண்மை, மற்றது கட்டாயம் பொய். நிறைவிதிக்கு முரண் குறைமறை, நிறைமறை இல்ல. 40 பேர் எழுதி 39 பேர் பாஸாகி ஒருத்தன் கோட்டை விட்டா "எல்லாரும் பாஸ்" எண்டதும் பொய், "ஒருத்தரும் பாஸ் இல்ல" எண்டதும் பொய். ரெண்டும் சேர்ந்து பொய்யாகலாம் எண்டா அது முரண் இல்ல, மறுதலை. பாடமாக்குங்க.

2025 ஜூன் 4

நேத்து எழுதினத விடிய பஸ்ஸில வரக்குள்ள திருப்பி வாசிச்சன். சரியான வாத்தியார்த்தனம். தங்கச்சி கேட்டது வேற, நான் சொன்னது வேற. எல்லாரும் எண்டதுக்கு முரண் என்ன எண்டு அவ கேக்கல்ல. "எல்லாரும் வரல்ல" எண்ட தமிழ் வசனத்துக்குக் கருத்து என்ன எண்டுதான் கேட்டவ. அதுக்கு நான் பதிலே சொல்லல்ல.

சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. அந்த வசனத்துல நானே விழுந்து எழும்பினவன்.

நான் சட்டத்தரணி ஒருத்தரிட்டக் கிளாக்கா இருக்கிறன். போன மார்ச்சில ஒரு காணி வழக்கு விளக்கத்துக்கு இருந்தது. எங்கட பக்கம் மூண்டு சாட்சி, மூண்டு பேரும் வெல்லாவெளிப் பக்கத்து ஆட்கள். சேர் உள்ள மேசையில, நான் வெளிய கோப்போட நிக்கிறன். கட்சிக்காரர் போன் எடுத்தார். "தம்பி, சாட்சி எல்லாரும் வரல்ல" எண்டார். நான் உள்ள போய்ச் சேர்ட காதுக்குள்ள சொன்னன்: "சேர், ஒருத்தரும் வரல்லயாம்." சேர் எழும்பித் தவணை கேட்டார். குடுத்தாங்க, செப்டம்பருக்கு. ஆறு மாசம்.

வெளிய வந்தா வேப்பமரத்துக்குக் கீழ ரெண்டு பேர் குந்தி இருந்து வெத்தில போடுறாங்க. ஒருத்தர் அந்தக் காணிக்கு 30 வருசம் வேலி கட்டின கிழவர். மற்றது ஒரு அம்மா, கையில பொலித்தீன் பையில சுத்தின பழைய உறுதிக் கொப்பி. "நாங்க விடிய ஏழு மணிக்கே வந்திட்டமே மனே" எண்டா. வராதது ஒரே ஒரு ஆள்.

சேர் ஏசல்ல. காருக்குள்ள ஏறக்குள்ள ஒண்டு மட்டும் சொன்னார்: "நீ சட்டம் படிக்கப் போறாய், என?" ஏசியிருந்தா நல்லம்.

கட்சிக்காரர் பொய் சொல்லல்ல. அவர் சொன்ன வசனமும் தமிழ். நான் விளங்கினதும் தமிழ். அதால தங்கச்சி, அநியாயம் எண்டு நீங்க சொன்னதுல அரைவாசி நியாயம்.

2025 ஜூன் 6

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருத்தர் எனக்குத் தனியா எழுதியிருக்கார்: "அண்ணே, இது இங்கிலிஸ்ல இருந்து வந்த குழப்பம், சுத்தத் தமிழ்ல இல்ல" எண்டு. இல்ல தம்பி. இது நன்னூல்லயே இருக்கு.

ஓஎல்லுக்கு உம்மை எட்டு வகை எண்டு பாடமாக்கினது ஞாபகம் இருக்கா? எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, அளவை, தெரிநிலை, ஆக்கம். "எல்லாரும்" எண்டதுல கடைசியில நிக்கிற உம், முற்றும்மை. ஒண்டும் மிச்சமில்லாம முழுக்கச் சொல்றது. அதுக்கு அடுத்தாப்போல ஒரு சின்னச் சூத்திரம்: "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்." ரியூசன்ல எங்களுக்கு இதை அரை நிமிசத்துல தாண்டிட்டாங்க.

கருத்து இதுதான். முழுக்கச் சொல்ற உம், சில இடத்துல மிச்சம் விடுற உம்மாவும் மாறும். எங்க மாறும்? பின்னால எதிர்மறை வரக்குள்ள. "பத்துத் தேங்காயும் குடுக்க மாட்டான்" எண்டா ஒண்டும் தர மாட்டானா, பத்தையும் தர மாட்டான் அஞ்சாறு தருவானா? ரெண்டும் ஏலும். "எல்லாரும் வரல்ல" எண்டதும் அந்த இடந்தான். தொல்காப்பியத்துலயும் இடையியல்ல இதே விசயம் இருக்கு. "முற்றிய உம்மை" எண்டு தொடங்கும்.

அந்தக் காலத்துலயே ஆரோ ஒரு கிளாக் தவணை எடுத்துக் குடுத்திருப்பான் போல.

மறுகா ஒண்டு கவனிச்சன். "ஒரோவழி" எண்டதே ஒரு அளவுச் சொல்தானே. எல்லா இடத்துலயும் எண்டும் சொல்லல்ல, ஒரு இடத்துலயும் இல்ல எண்டும் சொல்லல்ல. பவணந்தியார் சூத்திரத்துக்குள்ளயே குறைவிதி வச்சிருக்கார்.

2025 ஜூன் 7

நித்திர வரல்ல. ஒண்டு பிடிபட்டிட்டு.

தங்கச்சிட கேள்வியில "நிச்சயமாக உண்மையானது" எண்டுதானே கேட்டது. சரி, அவ விளங்கின மாதிரியே விளங்குவம், ஒருத்தரும் பாஸ் இல்ல. அப்ப "குறைந்தது ஒருவர் பாஸ் இல்ல" எண்டது உண்மையா? உண்மை. விடைத்தாள் விளங்கின மாதிரி விளங்குவம், சிலர் பாஸ் சிலர் இல்ல. அப்பவும் உண்மை. எந்தப் பக்கத்தால வந்தாலும் விழாம நிக்கிறது அந்த விடை ஒண்டுதான். உங்கட விடை ஒரு பக்கத்தால வந்தா மட்டும் நிக்கும்.

அதால ஜூன் 3இல "உங்கட விடைதான் பிழை" எண்டு நான் எழுதினது முடிவுக்குச் சரி, காரணத்துக்குப் பிழை. வசனம் ரெண்டு பக்கமும் ஆடுதெண்டா ரெண்டையும் தாங்குற விடையத் தேடுங்க. அது எப்பவும் கொஞ்சமாச் சொல்ற விடையா இருக்கும். பெரிசாச் சொல்ற விடை பார்க்க வடிவா இருக்கும், நாங்க அதுக்குத்தான் பாய்வம்.

2025 ஜூன் 10

பொசன் போயா, லீவு. விடியச் சந்தைக்குப் போய் நண்டு வாங்கப் பார்த்தன். விக்கிற அக்கா ஒரு நண்டத் திருப்பி அடிவயித்துல பெருவிரலால அமத்திக் காட்டினா, பொத்தெண்டு உள்ள போச்சு. "நிலாக் காலம் தம்பி, சிலதுலதான் சதை இருக்கு" எண்டா. நான் வாங்கல்ல.

ஏன் வாங்கல்ல? சிலதுல சதை இருக்கு எண்டா மற்றதுல இல்ல எண்டு நானே கூட்டிக்கொண்டன். சந்தையில அது சரி. எல்லாத்துலயும் இருந்திருந்தா அந்த அக்கா எல்லாத்துலயும் இருக்கு எண்டுதானே கூவியிருப்பா. தாள்ல அப்பிடி இல்ல. தாள்ல "சில" எண்டா குறைஞ்சது ஒண்டு. அவ்வளவுதான். மிச்சத்தப் பத்தி வாய் திறக்கல்ல. எல்லாமாவும் இருக்கலாம். "சில நண்டுகளில் சதை உண்டு" எண்டு தந்திட்டு "சில நண்டுகளில் சதை இல்லை என்பது நிச்சயம்" எண்டு ஒரு விடை வச்சிருப்பாங்க. அது பொறி.

தமிழ்ல இன்னொரு கரைச்சல். "சில", "சிலர்" எண்டது பன்மை. ஒரு ஆளக் காட்டிச் சிலர் எண்டு ஆரும் கதைக்க மாட்டாங்க. ஆனா அளவையியல்ல ஒரே ஒரு ஆள் இருந்தாலும் "சிலர்" உண்மை. ஏஎல்லுக்கு இதைப் படிப்பிச்ச மிஸ் கரும்பலகையில "சில" எண்டு எழுதி, அதைச் சுத்திப் பெட்டி அடிச்சு, "இது உங்கட வீட்டுச் சில இல்ல" எண்டு சொன்னவ. 15 வருசத்துக்குப் பிறகும் அந்தப் பெட்டி கண்ணுக்குள்ள நிக்குது. பெட்டிக்குள்ள இருந்த விசயத்தத்தான் மறந்திட்டன்.

நான் ஏற்கெனவே ஒருக்கா இந்த நுழைவுப் பரீட்சை எழுதித் தோத்தவன், சொன்னா வெக்கமில்ல. பயிற்சித் தாள்ல திருப்பித் திருப்பிச் செய்த பிழை இது: "எல்லாச் சட்டத்தரணிகளும் பட்டதாரிகள். சில பட்டதாரிகள் விவசாயிகள். ஆகவே சில சட்டத்தரணிகள் விவசாயிகள்." சரி எண்டு கீறினன். ஏன் தெரியுமா, எங்கட சேர்க்கு வட்டையில நாலு ஏக்கர் வயல் இருக்கு. சிறுபோகம் வெட்டுற நாள்ல கோட்டுக்கே பிந்தித்தான் வருவார். முடிவு உலகத்துல உண்மை, அந்த ரெண்டு எடுகூற்றுல (முதல்ல தந்த வசனங்கள்) இருந்து மட்டும் வராது. விவசாயம் செய்ற பட்டதாரியெல்லாம் ஆசிரியராவோ எஞ்சினியராவோ இருக்கலாம்.

முதல் எடுகூற்று உலகத்துல பொய் எண்டும் தெரியும். சட்டக் கல்லூரியால பட்டம் இல்லாமலே சட்டத்தரணியா வரலாம், அதுக்குத்தானே நாங்க இந்தப் பாடுபடுறம். ஆனா தாள்ல தந்தா தந்ததுதான். அதோட சண்டை பிடிக்காதீங்க.

2025 ஜூன் 11

ஒருத்தர் கேட்டிருக்கார், கடைசியில நண்டு வாங்கினதா எண்டு. இல்ல. கூனி வாங்கிச் சுண்டினது.

2025 ஜூன் 15

"பெரும்பாலான" எண்டா எத்தின எண்டு கேட்ட ஆளுக்கு. பெரும்பாலான எண்டா அரைவாசிக்குக் குறையாம இருக்கிறது. இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு.

கடையில 10 சட்டி தயிர் அடுக்கிக் கிடக்கு எண்டு வையுங்க. பெரும்பாலான சட்டியில எருமைத் தயிர். பெரும்பாலான சட்டி வாழைச்சேனைப் பக்கத்தால வந்தது. அப்ப வாழைச்சேனையால வந்த எருமைத் தயிர்ச் சட்டி ஒண்டாவது இருக்கா? இருக்குத்தான் வேணும். 6 சட்டி எருமை, 6 சட்டி வாழைச்சேனை, கூட்டினா 12, கிடக்கிறது 10. ரெண்டு சட்டி ரெண்டு கணக்குலயும் விழுந்தே ஆகணும். அதால ரெண்டு "பெரும்பாலான" ஒரே கூட்டத்தப் பத்திச் சொன்னா ஒரு "சில" கிடைக்கும். ரெண்டு "சில" சேர்ந்தா ஒண்டும் கிடைக்காது.

ஆனா சங்கிலி மாதிரிக் கோத்தா அறுந்திடும். எங்கட ஒழுங்கையில அஞ்சு வீடு, மூண்டு வீட்டுக்காரர் ஆசிரியர். அப்ப ஒழுங்கைக்காரர்ல பெரும்பாலானவங்க ஆசிரியர். நாட்டுல ஆசிரியர்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். ஆகவே எங்கட ஒழுங்கையில பெரும்பாலானவங்க பெண்களா? மூண்டு வாத்தியாரும் மீசக்காரர்.

2025 ஜூன் 16

நேத்து எழுதினதுல பிழை இருக்கு. "அரைவாசிக்குக் குறையாம" எண்டு எழுதிட்டன். சுட்டிக் காட்டினது வேற ஆருமில்ல, முதல் கேள்வி கேட்ட அதே தங்கச்சி. சரியா அரைவாசி இருந்தாப் பெரும்பாலான இல்ல. அரைவாசிக்கு மேல இருக்கணும். 5 சட்டி எருமை, 5 சட்டி வாழைச்சேனை எண்டா ஒரு சட்டியும் சேராம விலகி நிக்கலாம், என்ட அழகான கணக்கு முழுக்க உடைஞ்சிடும். அவவே 5ஐயும் 5ஐயும் கூட்டிக் காட்டினா. வர்த்தகப் பிரிவு எண்டா சும்மாவா.

அவ இன்னொண்டும் எழுதியிருக்கா: "அண்ணா, 'பெரும்பாலான'வையும் எல்லாமா இருக்கலாமா?" ஓம். 10 சட்டியும் எருமைத் தயிர் எண்டாலும் "பெரும்பாலான சட்டிகளில் எருமைத் தயிர்" எண்டது பொய்யாகாது. சில மாதிரியேதான், கீழ்ப் பக்கம் வேலி இருக்கு, மேல்ப் பக்கம் திறந்து கிடக்கு.

2025 ஜூன் 22

ரொறன்ரோவில இருக்கிற அக்காட மகள் எல்சாட் எழுதப் படிக்கிறாள். அமெரிக்காவிலயும் கனடாவிலயும் சட்டம் படிக்கப் போறவங்க எழுதுற பரீட்சை. நேத்து இரவு வட்ஸ்அப்பில ரெண்டு பேரும் கொப்பி மாத்திக்கொண்டம்.

அங்க ஒரு பகுதிக்கு 35 நிமிசம். புள்ளி 120க்கும் 180க்கும் இடையில. முந்தி ஆர் ஆருக்குப் பக்கத்துல இருக்கிறது எண்ட மாதிரிப் புதிர்ப் பகுதி ஒண்டு இருந்தது, 2024 ஓகஸ்டோட அதை எடுத்திட்டாங்க. இப்ப தர்க்க நியாயம் ரெண்டு பகுதி, வாசிப்பு ஒண்டு, புள்ளி சேராத பகுதி ஒண்டு. அதால இந்த அளவுச் சொல் விளையாட்டுக்கு அங்க மதிப்புக் கூடிட்டு.

அவளும் அங்க படிக்கிறது இதேதான்: "சம்" எண்டா குறைஞ்சது ஒண்டு, எல்லாமாவும் இருக்கலாம், "மோஸ்ட்" எண்டா அரைவாசிக்கு மேல. "மெனி"யையும் "சம்" மாதிரியே பாவிக்கச் சொல்றாங்களாம். நான் இதைக் கேட்டு ஆறுதலாகிட்டன். எங்கட "பல"வை எத்தினையில இருந்து எண்ணத் தொடங்குறது எண்டு ரெண்டு நாளா மண்டைய உடைச்சனான்.

நான் அவளுக்கு எங்கட பக்கத்துல இருந்து ஒண்டு குடுத்தன். தமிழ்ல கேள்விச் சொல்லோட உம் சேர்த்தா முழுக்க, ஓ சேர்த்தா ஒண்டு. "ஆரும் வரலாம்" எண்டா எவருக்கும் தடையில்ல. "ஆரோ வந்தாங்க" எண்டா குறைஞ்சது ஒருத்தர். எதுவும், ஏதோ. எங்கயும், எங்கயோ. ஒரு எழுத்து மாறினா நிறை குறையாகுது. அவள் "மாமா, இது செம வடிவா இருக்கு" எண்டாள். மறுகா உடன கேட்டாள், "அப்ப ஆரும் வரல்ல எண்டா?" ஒருத்தரும் வரல்ல. அதுல ஆட்டமே இல்ல. அப்ப "ஆரும்" ஒரே பக்கம் நிக்க, "எல்லாரும்" மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் ஆடுது எண்டாள். நித்திர வருது எண்டு போன வச்சிட்டன்.

2025 ஜூன் 23

அவளுக்குப் பதில் யோசிச்சு அனுப்பிட்டன். "ஆரும்" இல்லைக்கு உள்ள போக மாட்டுது, எப்பவும் வெளிய நிண்டு ஒவ்வொரு ஆளா எண்ணும்: இவர் வரல்ல, அவர் வரல்ல, மற்றவரும் வரல்ல. "எல்லாரும்" ரெண்டு இடத்துலயும் நிக்கும். வெளிய நிண்டா ஒருத்தரும் வரல்ல. உள்ள போனா "எல்லாரும் வந்தாங்க" எண்டதையே இல்ல எண்டு சொல்லுது. பேச்சுல குரல வச்சுப் பிடிக்கலாம், "எல்லாரும்"ல அமத்திச் சொன்னா உள்ள இருக்கு எண்டு விளங்கும். கட்சிக்காரர் போன்ல அமத்திச் சொன்னாரா எண்டு எத்தின தரம் நினைச்சுப் பார்த்தும் காதுக்கு வருகுதில்ல, பின்னால லொறி ஒண்டு ஹோன் அடிச்சது மட்டும் வருது.

தாள்ல குரல் இல்ல. அதுதான் முழுப் பிரச்சினையும்.

"வெளுத்ததெல்லாம் பாலல்ல" எண்டு அம்மா சொல்லக்குள்ள ஒருக்காலும் குழம்பினதில்ல. எழுத்துக்கு எழுத்து எடுத்தா வெள்ளையா இருக்கிற எதுவும் பால் இல்ல எண்டு வரும். அப்ப பால் என்ன நிறம்?

2025 ஜூலை 10

போயா. இரவு கூட்டாளிமாரோட மட்டக்களப்புக் கல்லடிக்குப் போனம். பழைய பாலத்துல நிண்டு புதுப் பாலத்து லைற்ற வாவிக்குள்ள பார்க்கிறது ஒரு சுகம். பழையது 1924, புதுசு 2013. தோணிக்காரர் ஒருத்தர் துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்றப் பக்கத்தக் காதுல வச்சுப் பாடும் மீன் கேக்குதா எண்டு பார்க்கச் சொன்னார். எனக்குக் கேட்டது பாலத்துல போற மோட்டார் சைக்கிள். கூட வந்தவன் கேட்டது எண்டு சத்தியம் பண்ணினான். மீனா, ஊரியா எண்டு அங்கயே சண்டை.

சண்டைக்குள்ள எனக்கு வேற யோசின. "எல்லாப் பாடும் மீன்களும் பூரணையில் பாடும்." வாவியில பாடும் மீனே இல்ல எண்டு வையுங்க. அப்ப இந்த வசனம் பொய்யா? இப்பத்தய அளவையியல்ல உண்மை. பூரணையில பாடாத பாடும் மீன் ஒண்டப் பிடிச்சுக் கொண்டு வந்து காட்டினாத்தானே பொய். மீனே இல்லாட்டி எதைக் காட்டுறது? அதால அந்தக் கணக்குப்படி "எல்லா"வில இருந்து "சில"வுக்குச் சும்மா இறங்க ஏலாது, ஒண்டாவது இருக்கு எண்டு தனியாச் சொல்லணும். அரிஸ்டோட்டில் வழியில வந்த பழைய முறையில இருக்கு எண்டு எடுத்துக்கொண்டே இறங்குவாங்க. ஏஎல்ல நாங்க ரெண்டையும் படிச்சுக் குழம்பினது இதாலதான்.

பயிற்சித் தாள்ல வாறது மாணவர், சட்டத்தரணி, மரம், மாடு. இருக்கிற சாமான்கள். எல்லா மாணவரும் சித்தி எண்டா சில மாணவர் சித்தி எண்டு பயமில்லாம எடுங்க. ஜூன் 7இல "ஒருத்தரும் பாஸ் இல்ல எண்டா குறைஞ்சது ஒருத்தர் பாஸ் இல்ல" எண்டு நான் இறங்கினதும் மாணவர் இருக்கிறாங்க எண்டு வச்சுத்தான். அதை அப்ப சொல்ல மறந்திட்டன்.

மீன் இருக்கு. நான் கேக்கல்ல எண்டதுக்காக இல்ல எண்டு எழுதினா ஊருக்குள்ள போக ஏலாது.

2025 ஜூலை 13

"எங்கட ரியூசன் வகுப்புல ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு பிள்ளையில விருப்பம் இருந்தது." இதை வாசிச்சா 20 பெடியனுக்கு 20 பிள்ளை எண்டு நினைப்பீங்க. ஒரே பிள்ளை. எல்லாருக்கும் அவதான். அவ இப்ப பிரதேச செயலகம் ஒண்டில பெரிய வேலையில இருக்கிறா.

பகிடி இல்ல, இதுவும் அளவுச் சொல்தான். "ஒவ்வொருவருக்கும் ஒண்டு இருக்கு" எண்டதுல இருந்து "எல்லாருக்கும் பொதுவா ஒண்டு இருக்கு" வராது. மறுபக்கம் வரும், பொதுவா ஒண்டு இருந்தா ஒவ்வொருவருக்கும் ஒண்டு இருக்கும். எது முதல்ல எது பிறகு எண்டதை ஒழுங்கா எழுதுற முறையத் தந்தது ஜெர்மன்காரர் பிரேகே, 1879இல. குறியீடுகள் பிந்தித்தான் வந்தது. திருப்பி வச்ச இங்கிலிஸ் ஈ மாதிரி இருக்கிறது ("ஒண்டாவது இருக்கு") 1897இல இத்தாலிக்காரர் பெயானோட, தலைகீழா நிக்கிற ஏ ("எல்லா") 1935இல ஜெர்மன்காரர் கென்ட்சனிட. நுழைவுப் பரீட்சைக்கு இந்தக் குறியெல்லாம் வேண்டாம். பெடியன்களும் பிள்ளையும் போதும்.

2025 ஜூலை 24

ஆடி அமாவாசை, மாமாங்கத் தீர்த்தம். சனம் எண்டா சனம். அன்னதானப் பந்தல்ல ஒரு மட்டையில "விரதகாரர் மட்டும்" எண்டு எழுதித் தொங்கவிட்டிருந்தாங்க. எங்கட சின்ன மாமா விரதம். போனார். சோறு முடிஞ்சிட்டு எண்டாங்க. "நான் விரதகாரன், எனக்குத் தரத்தான் வேணும், மட்டையில போட்டிருக்கு" எண்டு நிண்டார்.

மட்டும் அப்பிடிச் சொல்லல்ல மாமா. உள்ள சாப்பிடுற எல்லாரும் விரதகாரர். விரதகாரர் எல்லாருக்கும் சோறு எண்டில்ல. "மட்டும்" வந்தா அம்பு மற்றப் பக்கம் திரும்பும். நான் இதை விளக்கினது அவர் வெயிலுக்க பசியோட நிக்கக்குள்ள. உறவு இப்ப கொஞ்சம் சரியில்ல.

2025 ஓகஸ்ட் 2

மருமகள் கேட்டாள், சட்டம் படிக்க இது ஏன் வேணும், சும்மா ஆட்களக் கழிக்கிறதுக்குத்தானே எண்டு. எனக்கும் முந்தி அப்பிடித்தான் பட்டது. இப்ப அரசியலமைப்ப எடுத்து வச்சுக்கொண்டு அளவுச் சொல்லுக்குக் கீழ பென்சிலால கோடு போடுறன்.

1978 அரசியலமைப்பில 12ஆம் உறுப்புரையிட முதல் பந்தி, சட்டத்துக்கு முன்னால எல்லா ஆட்களும் சமம் எண்டு சொல்லுது. ரெண்டாம் பந்தி இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் காரணமா எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது எண்டுது. முதலாவதுல ஆள், ரெண்டாவதுல பிரசை. 11, சித்திரவதை பத்தினது, திரும்ப எந்த ஆளும். 14, பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடல் எல்லாம் ஒவ்வொரு பிரசைக்கும். பிரசை எல்லாரும் ஆட்கள். ஆட்கள் எல்லாரும் பிரசைகள் இல்ல. (இந்தக் கடைசி வசனத்தையும் ரெண்டு மாதிரி வாசிக்கலாம் எண்டு இப்பத்தான் கண்ணுல பட்டது. திருத்தி எழுதுறன்: ஆட்கள்ல சிலர் பிரசைகள் இல்ல.) எல்லா எண்டு எழுதுறது மட்டும் காணாது, எதுக்குள்ள எல்லாம் எண்டும் பார்க்கணும். வேற நாட்டுக்காரர் ஒருத்தரப் பிடிச்சு அடிச்சா 11 அவருக்கும் இருக்கு. 14ஐ எடுத்துக்கொண்டு வந்தா அந்த உறுப்புரையிட முதல் வரியிலயே கதவு சாத்தியிருக்கு.

சேரிட்டக் காட்டினன். கண்ணாடியக் கழட்டிட்டுப் பார்த்தார். "உனக்கு இது வேப்பமரத்துக்குக் கீழ வந்த ஞானம்" எண்டார்.

2025 ஓகஸ்ட் 17

தங்கச்சி ஒரு கேள்வி தானே செய்து அனுப்பியிருக்கா. "கச்சான் காத்து அடிக்கும் நாள்கள் எல்லாம் வெக்கையானவை. வெக்கையான நாள்களில் பெரும்பாலானவற்றில் மின்சாரம் துண்டிக்கப்படும். ஆகவே கச்சான் அடிக்கும் நாள்களில் சிலவற்றிலாவது மின்சாரம் துண்டிக்கப்படும்." சரியா பிழையா?

பிழை. கச்சான் அடிக்கிற நாள் எல்லாம் கரண்ட் நிக்காத மிச்ச நாள்களுக்குள்ள போய் ஒதுங்கலாம். ரெண்டையும் இடம் மாத்தி, கச்சான் நாள்கள்ல பெரும்பாலானது வெக்கை, வெக்கையான நாளெல்லாம் கரண்ட் இல்ல எண்டா சரியா வரும்.

இதைத் தட்டக்குள்ள கச்சான் அடிக்குது, கரண்ட் இல்ல.

2025 செப்டம்பர் 11

இண்டைக்கு அந்தக் காணி வழக்குத் தவணை. எட்டரைக்குக் கட்சிக்காரர் போன்.

"தம்பி, எல்லாரும் வந்திட்டம்."

நான் உள்ள போகல்ல. "எல்லாரும் எண்டா எத்தின பேர், ஐயா?"

"மூண்டு பேரும்தான்."

"மூண்டு பேரும் உங்களுக்குப் பக்கத்துல நிக்கிறாங்களா?"

கொஞ்சம் சத்தமில்ல. "அம்மா நிக்கிறா. மற்றப் பெடியனும் நிக்கிறான். கிழவர் பஸ்ஸில வாறார், களுதாவளை தாண்டிட்டாராம்."

சேர்ட்டப் போய் ரெண்டு எண்டு சொன்னன்.